எத்தனை எச்.பி. வேண்டும், அண்ணாச்சி?

சேரன்மகாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் இடையில் கன்னடியன் கால்வாயை ஒட்டி வாழை போட்டவர்களுக்குத் தார் வெட்டும் நாளில்தான் உண்மையான செலவு தெரியும். லாரி ரோட்டோடு நின்றுவிடும். தோட்டத்துக்குள்ளிருந்து நூறு, நூற்றைம்பது மீட்டர் ஈரமண். குறுக்கே வடிகால், முடிவில் கரைமேல் ஏறும் சரிவு. ஏத்தன் தார் ஒவ்வொன்றையும் சுமந்துகொண்டு அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டும். சுமக்க ஆள் கிடைப்பதும் வரவரக் குறைகிறது. ‘சின்னதா ஒரு வண்டி, எஞ்சின் வைத்து, ஹைட்ராலிக்கில் ஓடுகிற மாதிரி செய்ய முடியுமா’ என்று பட்டறைகளில் கேட்பவர்கள் இருப்பதில் வியப்பில்லை.

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: “எத்தனை எச்.பி. எஞ்சின் போடணும் அண்ணாச்சி?” பதிலும் தயாராக இருக்கும்: “எதுக்கு வம்பு, பத்து எச்.பி.யா போட்டுருவோம்.”

அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. சக்கரத்தில் தொடங்கி மோட்டாருக்கும், மோட்டாரிலிருந்து பம்புக்கும் கணக்கைப் பின்னோக்கி நடத்திக்கொண்டு வந்தால், எஞ்சின் அளவு தானாக வந்து நிற்கும். அப்படி வரும்போது பல நேரம் ஒரு விஷயம் புலப்படும்: பெரிய எஞ்சின் வாங்குவதற்குப் பதில் பம்பைக் கொஞ்சம் சிறிதாக்கினாலே வேலை முடிந்துவிடும்.

ஹைட்ராலிக் ஓட்டம் எல்லா இடத்துக்கும் ஏற்றதல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காய்ந்த, சமமான பாதை என்றால் பவர் டில்லருக்குப் பின்னால் டிரெய்லரைப் பூட்டுவதுதான் மலிவு. கியர்பெட்டி எஞ்சினின் சக்தியில் கொஞ்சத்தைத்தான் விழுங்கும். ஹைட்ராலிக் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கிவிடும். அந்த நஷ்டத்துக்கு ஈடாகக் கிடைப்பவை வேறு. கிளட்ச் கிடையாது. ஒரே நெம்பை முன்னால் தள்ளினால் வண்டி முன்னே போகும், பின்னால் இழுத்தால் பின்னே வரும். எஞ்சினை வண்டியில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், ஹோஸ் போய்ச் சேர்ந்தால் போதும். சக்கரம் கல்லில் மாட்டினாலும் பல் உடையாது, வால்வு திறந்து ஆயில் தொட்டிக்குத் திரும்பிவிடும். சேற்றில் ஊர்ந்து ஊர்ந்து போக வேண்டிய வண்டிக்கு இவை பெரிய வசதிகள்.

அழுத்தமும் ஓட்டமும்

ஹைட்ராலிக்கில் இரண்டே எண்களைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒன்று அழுத்தம், அதை ‘பார்’ அளவில் சொல்வார்கள். இன்னொன்று நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் ஓடுகிறது என்பது. இரண்டையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட். ஏறக்குறைய 450-ஆல் வகுத்தால் எச்.பி. பாபநாசத்தில் 1944-இலிருந்து மின்சாரம் எடுப்பதும் இதே பெருக்கல்தான்: தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, எவ்வளவு விழுகிறது.

அழுத்தம் எவ்வளவு பெரிய சங்கதி என்பதற்கும் பாபநாசமே அளவுகோல். அணை 143 அடி நிரம்பி நின்றால் அடிமட்டத்தில் நீரின் அழுத்தம் 4.3 பார் அளவுக்குத்தான் வரும். நம் சின்ன வண்டியின் ஹோஸுக்குள் 140 பார் இருக்கப்போகிறது. அப்படிப்பட்ட அணைகள் 33-ஐ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் அழுத்தம் அது. மலிவான ஹோஸ் போட்டு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிப்பது நல்லது.

அடுத்ததில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவே. எதிர்ப்பு எவ்வளவோ அவ்வளவு அழுத்தம் எழும். வெறும் வண்டி சமதளத்தில் ஓடினால் கேஜ் முள் கீழேயே கிடக்கும். அதே வண்டி பாரத்தோடு சரிவில் ஏறினால் முள் தானாக எழும். வேகத்தைத் தீர்மானிப்பது ஓட்டம், இழுவையைத் தீர்மானிப்பது அழுத்தம். அழுத்தத்துக்கு மேல்வரம்பு வைப்பது ரிலீஃப் வால்வு.

சக்கரத்திலிருந்து தொடங்குவோம்

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். வெறும் எடை 400 கிலோ. ஏறக்குறைய 12 கிலோவில் நாற்பது தார், கயிறு, சாக்கு எல்லாம் சேர்த்து 500 கிலோ. மொத்தம் 900. ஓட்டுபவர் பின்னால் நடந்து வருகிறார்.

இதை இழுக்க எவ்வளவு விசை வேண்டும்? கெட்டியான மண்பாதையில் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். ஈரக்களியில் சக்கரம் புதைவதால் கால் பங்கு வரை போகும். கரைமேல் ஏறும் சரிவு ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்கிறது என்று வைத்தால், சரிவுக்கு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு, மண்ணுக்குப் பத்தில் ஒரு பங்கு, ஆக எடையில் 30 விழுக்காடு. இரண்டில் பெரியதை எடுக்க வேண்டும்: 900-இல் 30 விழுக்காடு, 270 கிலோ இழுவிசை. நியூட்டனில் 2,650.

இங்கே ஒரு சரிபார்ப்பு. ஓடும் சக்கரங்கள் இரண்டின்மேல் வண்டி எடையில் 60 விழுக்காடு, அதாவது 540 கிலோ, அழுத்துகிறது என்போம். மண்ணில் டயரின் பிடி அதில் பாதி, நன்றாக இருந்தால் கொஞ்சம் கூட. அதுவும் 270, 300 கிலோவில் வந்து முடிகிறது. அதற்கு மேல் எவ்வளவு பெரிய எஞ்சின் போட்டாலும் சக்கரம் வழுக்கிச் சுற்றும், அவ்வளவுதான். பத்து எச்.பி. போடலாம் என்கிறவரிடம் முதலில் காட்ட வேண்டிய எண் இது.

சக்கரத்தின் விட்டம் 50 சென்டிமீட்டர் என்றால் ஆரம் கால் மீட்டர். 2,650-ஐக் கால் மீட்டரால் பெருக்கினால் 662 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இரண்டு சக்கரத்துக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு 331.

மெதுவாக, அதிக முறுக்குவிசையோடு சுற்றுவதற்கென்றே இருப்பது ஆர்பிட் மோட்டார். சுற்றுக்கு 200 சி.சி. ஆயில் குடிக்கும் மோட்டார் சக்கரத்துக்கு ஒன்று என்று வைத்துப் பார்ப்போம். மோட்டாரின் முறுக்குவிசைக்குச் சூத்திரம் எளிது: அழுத்தத்தை சி.சி.யால் பெருக்கி 62.8-ஆல் வகுக்க வேண்டும், அதில் உராய்வுக்குக் கொஞ்சம் கழிக்க வேண்டும். ஓடும்போது 85 விழுக்காடு கிடைக்கும் என்று கொண்டால் 331 நியூட்டன் மீட்டருக்கு 122 பார் வேண்டும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அதே மோட்டார் 75 விழுக்காடுதான் கொடுக்கும்; அப்போது அழுத்தம் 140 பாரை எட்டும். ஆகவே ரிலீஃப் வால்வை 140-இல் வைக்கலாம். இந்த வகை மோட்டார்கள் பலவும் தாங்கும் அளவுக்குள் இது வருகிறது, ஆனாலும் வாங்கும் மோட்டாரின் தாளைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சிறிய மோட்டார் வாங்கி, சங்கிலி போட்டுக் குறைத்து ஓட்டினால் மிச்சம் ஆகாதா? ஆகும், மோட்டார் விலையில். எஞ்சின் கணக்கில் ஒன்றும் மாறாது. 100 சி.சி. மோட்டாரை இரண்டுக்கு ஒன்று சங்கிலியில் ஓட்டினால் அது இரு மடங்கு சுற்றி அதே ஆயிலைக் குடிக்கும். ஆனால் வண்டியின் பாரத்தை மோட்டார் தண்டின்மேல் ஏற்றாமல் தனி அச்சில் தாங்கலாம் என்பதால், பட்டறையில் செய்யும் வண்டிக்குச் சங்கிலி நல்ல வழிதான்.

இனி வேகம். ஆள் கூடவே நடக்கிற வேகம், மணிக்கு 3 கிலோமீட்டர், நிமிடத்துக்கு 50 மீட்டர். சக்கரத்தின் சுற்றளவு 1.57 மீட்டர், நிமிடத்துக்கு 32 சுற்று. இரண்டு மோட்டாருக்கும் சேர்த்து 12.7 லிட்டர். உள்கசிவுக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 14 லிட்டர்.

மூன்று எச்.பி. வேலைக்கு ஐந்து எச்.பி.

சக்கரத்தில் நடக்கும் வேலையைத் தனியே கணக்கிட்டால் 2.2 கிலோவாட், அதாவது 3 எச்.பி. மட்டுமே. மோட்டாருக்கு 122 பார், குழாய், வால்வு, ஃபில்டர் எதிர்ப்புக்கு ஒரு 10 பார், ஆக பம்ப் தள்ள வேண்டியது 132 பாரில் 14 லிட்டர்: 3.08 கிலோவாட். சாதாரண கியர் பம்ப் தான் வாங்கும் சக்தியில் 82 விழுக்காட்டைத்தான் ஆயிலுக்குக் கொடுக்கும். எனவே எஞ்சின் தண்டில் 3.76 கிலோவாட் வேண்டும், 5 எச்.பி. ரிலீஃப் வால்வு திறக்கும் 140 பாரில் 5.3 எச்.பி.

சரி, 5.5 எச்.பி. எஞ்சின் வாங்கிவிடலாம் என்று இங்கே கிளம்புகிறவர்கள்தான் அதிகம். அவர்களுடைய வண்டி சரிவின் பாதியில் அணைந்து நிற்கும்.

முதல் காரணம் ஸ்டிக்கர். எஞ்சின்மேல் எழுதியிருக்கும் எச்.பி., சிறிய பெட்ரோல் எஞ்சின்களில் பொதுவாக 3,600 சுற்றில் கிடைக்கும் உச்சம். அதையும் எப்படி அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஹோண்டாவின் ஜி.எக்ஸ். 160, 163 சி.சி. எஞ்சின், நீண்ட காலம் 5.5 எச்.பி. என்றே அறியப்பட்டது. இன்று நிறுவனத்தின் தாளில் நிகரத் திறன் 4.8 எச்.பி. எஞ்சின் சோனியாகவில்லை, அளக்கும் முறைதான் மாறியது. அமெரிக்காவில் புல்வெட்டி எஞ்சின்களின் எச்.பி.யைக் கூட்டிச் சொல்லி விற்றார்கள் என்று வழக்கே நடந்து 2010-இல் சமரசத்தில் முடிந்தது. ஆகவே பெட்ரோல் எஞ்சின் என்றால் எழுதியிருப்பதில் 80 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து கேட்காமல் இருப்பது நல்லது.

பழைய 1,500 சுற்று டீசல் எஞ்சின்களின் கணக்கு வேறு. அவற்றின் தகட்டில் இருப்பது மணிக்கணக்காகத் தொடர்ந்து தரக்கூடிய திறன். கிணற்று மேட்டில் விடிய விடிய ஓடியவை அல்லவா! ‘அஞ்சு எச்.பி. டீசல், எட்டு எச்.பி. பெட்ரோலுக்குச் சமம்’ என்று பட்டறைகளில் சொல்வது மிகைதான், ஆனால் முழுப் பொய் அல்ல.

வெப்பமும் உயரமும் கொஞ்சம் தின்னும். பாளையங்கோட்டையின் மே மாதத்து 38 டிகிரியில் இழப்பு இரண்டு, மூன்று விழுக்காடு, கண்டுகொள்ள வேண்டாம். மாஞ்சோலை போல ஆயிரம் மீட்டருக்கு மேலே போனால் பத்து விழுக்காட்டைத் தாண்டும், அங்கே கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது, அது முறுக்குவிசை.

எஞ்சினை அணைப்பது எது?

கியர் பம்பைச் சுற்ற எவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்பதற்கு எஞ்சின் வேகத்தோடு சம்பந்தமே இல்லை. அழுத்தமும் பம்பின் சி.சி.யும் மட்டும்தான் கணக்கு. ஆயிரம் சுற்றிலும் மூவாயிரம் சுற்றிலும் பம்ப் கேட்பது ஒன்றே. எஞ்சின் அப்படி இல்லை. சுற்று குறைந்து ஒரு எல்லைக்குக் கீழே போனால் அதன் முறுக்குவிசை சரிந்துவிடும். சரிவில் வண்டி திணறும்போது எஞ்சினின் சுற்று இறங்குகிறது, பம்ப் மட்டும் கேட்டதைக் குறைத்துக்கொள்வதில்லை, சுற்று இன்னும் இறங்குகிறது, இரண்டே நொடியில் எஞ்சின் நின்றுவிடுகிறது. மின்மோட்டாராக இருந்தால் சற்று நேரம் இரு மடங்கு முறுக்குவிசையைக் கொடுத்துத் தப்பித்திருக்கும். எஞ்சினுக்கு அந்தக் கையிருப்பு கிடையாது.

எனவே எஞ்சின் தாளில் எச்.பி.க்குப் பக்கத்தில் இருக்கும் டார்க் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 3,000 சுற்றில் 14 லிட்டர் தர 5 சி.சி. பம்ப் போதும். 140 பாரில் அது கேட்கும் முறுக்குவிசை, உராய்வும் சேர்த்து, 12.7 நியூட்டன் மீட்டர்.

ஜி.எக்ஸ். 160-இன் அதிகபட்ச முறுக்குவிசை 10.3 நியூட்டன் மீட்டர். தேறாது. ஒரு படி மேலே, 196 சி.சி. ஜி.எக்ஸ். 200: 12.4. மயிரிழையில் தேறாது. அதுவும் 2,500 சுற்றில் புது எஞ்சினுக்குச் சொன்ன உச்சம்; கார்புரேட்டரில் தூசி ஏறிய எஞ்சினுக்கு இன்னும் கீழே. அடுத்த படி 270 சி.சி.: 19.1 நியூட்டன் மீட்டர், 8 எச்.பி.க்கு மேல். இது தாராளமாக ஓட்டும். விலையும் பெட்ரோல் செலவும் அதற்கேற்ப ஏறும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் பெரிய எஞ்சினுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். நான் சொல்வது, அதற்கு முன் பம்பைப் பாருங்கள். 5 சி.சி.க்குப் பதில் 4 சி.சி. பம்ப் போட்டால் 140 பாரில் கேட்கும் முறுக்குவிசை 10.1 நியூட்டன் மீட்டராக இறங்குகிறது. இப்போது அந்த 196 சி.சி. எஞ்சினே போதும், அதன் உச்சத்தில் ஐந்தில் நான்கு பங்குதான் கேட்கிறோம். சக்கரத்தின் இழுவை ஒரு கிலோகூடக் குறையவில்லை, ஏனென்றால் இழுவை அழுத்தத்தின் வேலை. குறைந்தது ஓட்டம்: 14 லிட்டருக்குப் பதில் 11. வண்டி மணிக்கு 3 கிலோமீட்டருக்குப் பதில் 2.4 கிலோமீட்டரில் போகும். 150 மீட்டர் நடைக்கு மூன்று நிமிடம் ஆன இடத்தில் மூன்றே முக்கால் நிமிடம் ஆகும். நாற்பது தாரை ஏற்றி இறக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் அந்த முக்கால் நிமிடத்தை யாரும் கவனிக்கப்போவதில்லை.

இதே கணக்கு இன்னொரு கதவையும் திறக்கிறது. இலவச மின்சாரம் வந்தபின் பம்புசெட்டு அறைகளின் மூலையில் ஒதுங்கிய பழைய 5 எச்.பி. ஆயில் எஞ்சின்கள் இன்னும் பல தோட்டங்களில் கிடக்கின்றன. கிர்லோஸ்கரின் ஏ.வி.1 என்ற எஞ்சினை எடுத்துக்கொண்டால், 80 மில்லிமீட்டர் போர், 110 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 553 சி.சி., 1,500 சுற்றில் 3.7 கிலோவாட். முறுக்குவிசையாக மாற்றினால் 23.6 நியூட்டன் மீட்டர். பாதி வேகத்தில் சுற்றுவதால் பம்ப் இரு மடங்காக, 8 சி.சி.யாக வேண்டும், அது 140 பாரில் 20.3 நியூட்டன் மீட்டர் கேட்கும். அடங்கிவிடுகிறது. அதே 11 லிட்டர், அதே 2.4 கிலோமீட்டர். கூடவே கனத்த ஃப்ளைவீல் ஒன்று இருக்கிறது. சக்கரம் குழியிலிருந்து எழும் அந்த ஒரு நொடிக்கு அது கை கொடுக்கும். பெட்ரோல் எஞ்சினில் அந்த வசதி இல்லை.

குறையும் உண்டு. இந்த எஞ்சின் எடை நூறு கிலோவைத் தாண்டும். தண்ணீரில் குளிர்வது என்பதால் தண்ணீர்த் தொட்டியும் வண்டியில் ஏற வேண்டும். வெறும் வண்டி 500 கிலோ ஆகிவிட்டால் தாரில் ஏழெட்டைக் குறைக்க வேண்டியதுதான். மூலையில் கிடக்கும் எஞ்சினை வைத்துச் செய்வதா, கையால் தூக்கி வைக்கக்கூடிய புதுப் பெட்ரோல் எஞ்சினா என்பது அவரவர் கையிருப்பைப் பொறுத்தது. சொந்தமாக நல்ல டீசல் எஞ்சின் இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

திரும்பும்போது வெறும் வண்டி வேகமாக வரக்கூடாதா என்று கேட்பீர்கள். வழி இருக்கிறது. போகும்போது இரண்டு மோட்டாருக்கும் ஆயிலைப் பிரித்துக் கொடுக்கிறோம். திரும்பும்போது ஒரு வால்வை மாற்றி, முதல் மோட்டாரிலிருந்து வெளியேறும் ஆயிலையே இரண்டாவது மோட்டாருக்குள் விட்டால், ஒவ்வொன்றுக்கும் முழு 11 லிட்டர் கிடைக்கும். வேகம் இரு மடங்கு, இழுவை பாதி. வெறும் வண்டிக்கு அது போதும். இப்படி இணைக்கும்போது மோட்டாரின் உறையிலிருந்து தொட்டிக்குத் தனிக் கசிவுக் குழாய் போட வேண்டும், இல்லாவிட்டால் முதல் மோட்டாரின் சீல் தாங்காது.

பிரித்துக் கொடுக்கும் இணைப்பில் ஒரு வினை உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் ஆயில் முழுவதும் எதிர்ப்பு குறைந்த அந்தப் பக்கமே ஓடும், நல்ல தரையில் நிற்கும் சக்கரம் அசையாது. கேஜ் முள்ளும் எழாது. எஞ்சின் போதவில்லை என்று இதைத் தப்பாகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. தீர்வு ஓட்டத்தைச் சமமாகப் பிரிக்கும் ஃப்ளோ டிவைடர்.

அறுவடை வண்டியில் நடப்பது

ஆற்றுப்பாசன வயல்களில் கார், பிசானம் அறுவடைக்கு வரும் பெல்ட் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். கதிர் அடர்ந்த இடத்தில் ஓட்டுநர் கியர் மாற்றாமல் நெம்பைச் சற்றே பின்னால் இழுக்கிறார், வண்டி மெதுவாகிறது, எஞ்சின் சத்தம் மட்டும் மாறாமல் இருக்கிறது. குபோட்டாவின் டி.சி.-68 போன்ற வண்டிகளில் இருப்பது எச்.எஸ்.டி. என்னும் ஹைட்ராலிக் ஓட்டம். அங்கே பம்பின் சி.சி. நிலையானதல்ல. நெம்பை இழுக்க இழுக்கப் பம்ப் தன் அளவைச் சுருக்கிக்கொள்கிறது. 68 எச்.பி. எஞ்சின் சேற்றில் அணையாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கதிர் அடிக்கும் பகுதிக்கு எஞ்சினின் பெரும்பங்கு போய்க்கொண்டிருக்கும்போதே, ஓட்டத்துக்கு மிஞ்சியதை வைத்து ஊர்ந்து போக முடிகிறது.

நாம் மேலே செய்ததும் இதுவே. அங்கே ஓட்டுநர் நொடிக்கு நொடி நெம்பால் செய்வதை, நாம் 4 சி.சி. பம்ப் வாங்கும்போதே ஒருமுறை செய்துவிடுகிறோம். பணம் இருந்தால் அளவு மாறும் பம்பே வாங்கலாம். கியர் பம்பைவிடப் பல மடங்கு விலை, ஆயில் சுத்தத்தில் ரொம்பக் கறார். வாழைத் தோட்டத்து வண்டிக்கு அது அநாவசியம் என்பது என் எண்ணம்.

பூட்டும்போது கவனிக்க

பெட்ரோல் எஞ்சினோடு பம்பை நேராகப் பூட்டலாம், நடுவில் ரப்பர் வைத்த லவ்ஜாய் கப்ளிங். இரண்டு தண்டும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் ரப்பர் பொடியாகும். ஆயில் எஞ்சினிலிருந்து வி-பெல்ட்டில் ஓட்டுவதென்றால், புல்லியைப் பம்ப் தண்டிலேயே மாட்டிவிடக் கூடாது. பக்கவாட்டு இழுப்புக்குப் பல கியர் பம்புகள் செய்யப்படவில்லை. தனி பேரிங்கில் ஒரு தண்டு வைத்து, அதில் புல்லியை மாட்டி, அங்கிருந்து கப்ளிங் போட வேண்டும். பம்பின் சுழல் திசையைக் காட்டும் அம்புக்குறியையும் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினால் அழுத்தம் சீல் பக்கம் போய், சீல் தெறிக்கும்.

உறிஞ்சும் குழாய் பெரிதாக, குட்டையாக இருக்கட்டும். 14 லிட்டருக்கு முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல். அழுத்தக் குழாய் மூன்றெட்டு அங்குலம் போதும். பம்ப் கூழாங்கல் அரைப்பதுபோல் சத்தம் போட்டால் உறிஞ்சும் பக்கம் காற்று வருகிறது அல்லது ஆயில் பற்றவில்லை என்று பொருள். எஞ்சினைக் குறை சொல்ல வேண்டாம்.

தொலைந்த சக்தியெல்லாம் வெப்பமாக ஆயிலில்தான் சேரும். 40 லிட்டர் தொட்டி வையுங்கள். நம்மூர் வெயிலுக்கு 46-ஐவிட 68 தர ஆயில் பொருத்தம். வண்டி மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்க, நெம்பை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் ரிலீஃப் வால்வு வழியாக ஓடும் ஆயில் நிமிடத்துக்கு 3 டிகிரி வீதம் சூடேறும். பத்து நிமிடப் பிடிவாதம், 30 டிகிரி. ஆயில் நீர்த்துப்போய், கசிவு கூடி, இழுவை இன்னும் குறையும்.

இரண்டு எச்சரிக்கைகளை விட முடியாது. ஆர்பிட் மோட்டார் வண்டியை நிறுத்திப் பிடிக்கும் பிரேக் அல்ல. உள்கசிவால் சரிவில் வண்டி மெல்ல நழுவும், கீழே கால்வாய் இருக்கிறது. தனியாக இயந்திர பிரேக் வேண்டும். பாரத்தோடு இறங்கும்போது வண்டி மோட்டாரை முந்தி ஓடாமல் தடுக்க கவுண்டர்பேலன்ஸ் வால்வும் வேண்டும். அடுத்தது, ஹோஸில் ஊசித் துளையாகக் கசிந்தால் எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி குறைவாகத் தெரிந்தாலும் கையையே இழக்க நேரும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். ஆயில் உள்ளே போய்விட்டால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முதல் ஓட்டத்துக்கு முன் பம்புக்கு அடுத்தபடியாக ஒரு பிரஷர் கேஜ் பொருத்துங்கள், 250 பார் வரை காட்டுவது. நெம்பு நடுநிலையில் இருக்கும்போது ஆயில் தடையின்றித் தொட்டிக்குத் திரும்பும் வால்வாக இருந்தால்தான் எஞ்சினைக் கயிறிழுத்துக் கிளப்ப முடியும். ரிலீஃப் வால்வை முழுதும் தளர்த்தி வைத்துக் கிளப்பி, வண்டியைப் பெரிய தென்னையோடு சங்கிலியால் கட்டிவிட்டு, நெம்பை முன்னே தள்ளி, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். முள் 140-க்குப் போவதற்கு முன்பே எஞ்சின் தடுமாறினால் பம்ப் பெரிது. 140-இல் நின்று, எஞ்சினும் சீராக ஓடினால் திருகை அங்கேயே பூட்டிவிடலாம். அதற்குள் சக்கரம் மண்ணைப் பறித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தால் எஞ்சினில் குறையில்லை, தாரை ஓடும் சக்கரங்களின் பக்கம் நகர்த்தி அடுக்குங்கள்.